உச்சிவேளையில் கைவிடும் செக்ஸ்டன்ட்

பிளாஸ்டிக் செக்ஸ்டன்ட் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். செக்ஸ்டன்ட் என்றால் சூரியன், நட்சத்திரங்களின் உயரத்தைக் கோணத்தில் அளக்கும் மாலுமிகளின் கருவி. நாலு வருஷமாக வைத்திருக்கிறேன். போன மாதம்தான் கண்ணாடியைத் தாங்கும் திருகு ஒன்றை மாற்றினேன். அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

சூரியன் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது என்று பார்க்கத் தொடுவானம் வேண்டும். சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நின்றால் கப்பல் வரிசை, அதற்குப் பின்னால் தீவுகள்; தொடுவானம் தெரியாது. அதனால் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) கார்பார்க்கின் மொட்டைமாடியில் தட்டு வைத்து நல்லெண்ணெய் ஊற்றுவேன்; அதுதான் மட்டமான கண்ணாடி. எண்ணெயில் தெரியும் சூரியன்மேல் வானத்துச் சூரியனை இறக்கிப் பொருத்தினால், வரும் கோணத்தில் பாதி உயரம். (இரண்டு பக்கக் கறுப்புக் கண்ணாடியும் போடாமல் பார்த்துவிடாதீர்கள்.)

வயிற்றெரிச்சல் இங்கேதான். அளவுகோல் 120 பாகையோடு முடிகிறது. அதாவது 60 பாகை உயரம் வரைதான். நாம் குடியிருப்பதோ 1.3 பாகை வடக்கில். டிசம்பரில்கூட உச்சிச் சூரியன் 65 பாகைக்குக் கீழே இறங்காது. வருஷத்தில் ஒரே ஒரு நாள்கூட உச்சிவேளையை எண்ணெயில் அளக்க முடியாது! பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. சரி, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வீடு வாங்கியது நான்தானே.

வெயிலில் பிளாஸ்டிக்கும் நெளிகிறது. பூஜ்யம் காட்டவேண்டிய இடத்தில் கருவி காட்டும் விலகல்தான் சுழிப்பிழை. வீட்டில் அது 4 கலை (ஒரு பாகையில் 60 கலை), வெயிலில் இருபது நிமிஷத்தில் 9.

ஆனாலும் ஒரு ஏப்ரல் மாலையை மறக்க முடியாது. சூரியனின் இடத்தை எக்செல்லில் நானே கணக்கிடுவேன்: சராசரி நெட்டாங்கு (பூமி ஒரே வேகத்தில் வட்டமாகச் சுற்றினால் சூரியன் தெரியும் இடம்), அதோடு பூமியின் பாதை நீள்வட்டம் என்பதற்காக 1.915 பாகைத் திருத்தம், பிறகு அச்சின் சாய்வு 23.44. அன்று வம்புக்கென்றே அந்தத் திருத்தத்தை எடுத்துவிட்டு அளந்தேன். கணக்கும் கருவியும் ஒன்றரைப் பாகைக்கு மேல் விலகின, சூரிய வட்டம் மூன்றை அடுக்கிய அளவு. திருத்தத்தைத் திரும்பப் போட்டேன். வித்தியாசம் 3 கலை. பூமி வட்டமாகச் சுற்றவில்லை என்பதை எண்ணெய்த் தட்டில் பார்த்துவிட்டேன்.

வாங்காதீர்கள். உச்சியை அளக்காத கருவிக்கு எந்த விலையும் அதிகம். அப்படியானால் உன்னுடையதைக் கொடுத்துவிடு என்கிறார் நண்பர். அதெப்படி? சனிக்கிழமை மூன்றரைக்கு மாடிக்கு வாருங்கள், எண்ணெய் மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள். எங்கள் வீட்டில் இனி தரமாட்டார்களாம்.