கிர்ணியா, தர்பூசணியா, வெள்ளரிப்பழமா: வீட்டில் எதை வைக்கலாம்?

மொட்டை மாடியில் பை வைத்து வளர்ப்பவர்களுக்கு என் ஓட்டு கிர்ணிக்குத்தான். வீட்டைச் சுற்றித் தரையில் தாராளமாக இடம் இருந்தால் தர்பூசணி. தினமும் செடிப் பக்கம் போக நேரமில்லை என்றால் வெள்ளரிப்பழம். தை, மாசியில் விதை ஊன்றினால் மூன்றுமே கோடையில் பழம் தரும். ஆனால் மூன்றும் நம்மிடம் கேட்கும் உழைப்பு ஒன்றல்ல.

முதலில் இடம். தர்பூசணிக் கொடி பத்தடிக்கு மேல் தாராளமாக ஓடும். வீட்டுக்கு ஏற்றது என்று சொல்லப்படும் சுகர் பேபி ரகமே ஒரு பழம் மூன்று முதல் ஐந்து கிலோ வரும். அதைப் பந்தலில் தொங்கவிடுவது சிரமம், தரையில் படரவிட்டால் மாடி முழுக்க அதற்கே போய்விடும். பையில் வளர்த்தால் கொடிக்கு ஒரு பழம் மட்டும் விடுங்கள். இலைகள்தானே சர்க்கரை செய்கின்றன? இருக்கிற இலைகளை நாலு பழம் பங்கு போட்டால் நாலுமே சப்பென்று போகும்.

கிர்ணி இந்த விஷயத்தில் அடக்கமானது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஜீத் ரகத்தில் பழம் 400 முதல் 800 கிராம்தான், சதை வெள்ளை, இனிப்பு நன்றாக இருக்கும். கயிறு கட்டி மேலே ஏற்றி, வெங்காயம் வரும் வலைப்பையில் பழத்தை வைத்துத் தொங்கவிட்டால் போதும். கொடிக்கு இரண்டு மூன்று பழம் விடலாம்.

பூ விஷயத்தில் கிர்ணிக்குத்தான் வேலை அதிகம். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, அவை உதிர்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிஞ்சு பிடிக்கும் பூக்கள் பெரும்பாலும் பக்கக் கொடிகளின் முதல் ஒன்றிரண்டு கணுக்களில்தான் வரும். அதனால் ஐந்தாறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும், அப்போதுதான் பக்கக் கொடிகள் கிளம்பும். தர்பூசணிக்கு இது தேவையில்லை, முதன்மைக் கொடியிலேயே பெண் பூ வரும். மாடியில் தேனீ குறைவு என்றால் இரண்டுக்குமே நாம்தான் மகரந்தம் சேர்க்க வேண்டும். காலையில் பூ விரிந்த சூட்டோடு ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். இதழுக்குக் கீழே சின்னதாக, ரோமம் படர்ந்த பிஞ்சு இருந்தால் அதுதான் பெண் பூ. சேர்ந்திருந்தால் சில நாளில் பருக்கும், இல்லையென்றால் மஞ்சளாகி உதிரும்.

எப்போது பறிப்பது என்பதில் கிர்ணி நம்மைக் குழப்பாது. பழுத்ததும் காம்பு பழத்தோடு சேரும் இடத்தில் வட்டமாக விரிசல் விடும், வாசனை வரும், லேசாகத் தள்ளினாலே கையோடு வந்துவிடும். தர்பூசணி அப்படித் தானாகக் கழன்று வராது. காம்பை ஒட்டிய சுருள்கம்பி காய்ந்திருக்கிறதா, தரையில் பட்ட இடம் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தட்டிப் பார்ப்பதற்கு நல்ல பழக்கம் வேண்டும். இரண்டுமே பறித்த பிறகு மேலும் இனிக்காது. கிர்ணி மெத்தென்று ஆகும், அவ்வளவுதான். கடைக் கிர்ணி பல நேரம் ஏமாற்றுவதற்குக் காரணமே முன்கூட்டிப் பறிப்பதுதான். கொடியில் முழுதாகப் பழுக்கவிட நம்மால் முடியும், வீட்டில் வளர்ப்பதன் பெரிய லாபம் இதுதான். கடைசி ஒரு வாரம் செடி வாடாத அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். காயவிட்டுத் திடீரென்று நிறைய ஊற்றினால் பழம் வெடிக்கும்.

வெள்ளரிப்பழம் வெடிப்பதே அதன் இயல்பு. பழுத்ததும் தோல் பிளந்து மாவு மாதிரிச் சதை தெரியும். தனியாகத் தின்றால் இனிப்பு குறைவு, நாட்டுச் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்தால் வெயிலுக்கு அவ்வளவு சுகம். கேரளத்தின் கொடுங்கல்லூர்ப் பொட்டுவெள்ளரி இந்த வகைதான். கொஞ்சம் தொழு உரம், தண்ணீர் இருந்தால் காய்த்துக்கொண்டே இருக்கும்.

மூன்றுக்கும் பொது எதிரி பழ ஈ. பிஞ்சிலேயே முட்டையிட்டுவிடும், வெளியே ஒரு புள்ளி, உள்ளே புழு. பிஞ்சு எலுமிச்சை அளவு வருவதற்குள் காகிதப் பையோ துணியோ கட்டிவிடுவதைத்தான் நான் முழுதாக நம்புகிறேன். வாசனை காட்டி ஈயைப் பிடிக்கும் கியூலூர் பொறி ஆண் ஈக்களை மட்டும்தான் இழுக்கும்.

அப்புறம் விதை. கிர்ணியும் வெள்ளரிப்பழமும் ஒரே இனம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்த வருடப் பழத்தின் சுவை மாறாது, ஆனால் அதிலிருந்து எடுக்கும் விதை கலந்திருக்கும். விதைக்காக வளர்ப்பவர்கள் இரண்டில் ஒன்றை மட்டும் வையுங்கள். தர்பூசணியை எதன் பக்கத்தில் வேண்டுமானாலும் வைக்கலாம், அது இவற்றோடு கலக்காது.