இம்மாகுலேட் கிரிட்: இரண்டு சட்டை அணிந்தவர்களைத் தேடும் ஆட்டம்

அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களுக்காக 2023-இல் தொடங்கப்பட்ட இந்த இணைய விளையாட்டு, மூன்றுக்கு மூன்று கட்டங்களின் மேலும் பக்கத்திலும் பெரும்பாலும் அணிச் சின்னங்களை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் சந்திக்கும் இரண்டு அணிகளுக்கும் ஆடிய வீரர் ஒருவரின் பெயரைக் கேட்கிறது. ஒன்பது கட்டங்களுக்கு ஒன்பதே வாய்ப்புகள். தவறான விடையும் ஒன்றைத் தின்றுவிடும்.

பாஸ்டன் ரெட் சாக்ஸும் நியூயார்க் யாங்கீஸும் சந்திக்கும் கட்டம் எளிதுபோலத் தோன்றும். 1919 பருவத்துக்குப் பின் விற்கப்பட்ட பேப் ரூத், 1993 பருவத்துக்கு அணி மாறிய வேட் பாக்ஸ், தாடியையும் நீண்ட முடியையும் களைந்துவிட்டு 2006-இல் யாங்கீஸுக்கு ஆடவந்த ஜானி டேமன் எனப் பெயர்கள் தாமாகவே வந்து நிற்கும். ஆனால் பலர் எழுதிய பெயரையே நாமும் எழுதினால், விடைகள் எவ்வளவு அரியவை என்று கணக்கிடும் அபூர்வ மதிப்பெண் ஏறிவிடும். அது குறைவதே பெருமை. (ரூத்தை எழுதும்போதெல்லாம் எனக்குச் சற்று வெட்கமாக இருக்கும்.) ஆகவே, 1990-களில் யாங்கீஸ், ரெட் சாக்ஸ், மறுபடியும் யாங்கீஸ் என மாறிமாறி ஆடிய கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) மைக் ஸ்டான்லி போன்றவர்களே இங்கே பொக்கிஷம்.

ஒரு வீரரை ஒருமுறைதான் பயன்படுத்தலாம் என்பதால், 14 அணிகளுக்கு ஆடிய எட்வின் ஜாக்சனை எந்தக் கட்டத்தில் செலவழிப்பது என்ற தயக்கத்திலேயே என் காலைக் காப்பி ஆறிவிடுகிறது. பேஸ்பாலுக்குப் புதியவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.