ஆட்டுக்கல்லும் நீல டிரம்மும்

சிங்கப்பூரிலிருந்து ஐப்பசியில் திருப்பூருக்கு வந்திருந்த நான், விடுமுறை முழுவதும் ஒரு டிரம் தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததாக உறவினர்கள் கேலி செய்கிறார்கள்.

எங்கள் மதிலுக்கு அப்பால் பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருக்கின்றன. நல்ல தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு முறைதான் வந்தது. எங்களுக்கு நிலத்தொட்டியும் மூடிய சின்டெக்சும் இருக்க, அவர்களுக்கோ மூடி தொலைந்த நீல டிரம்கள்தாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலையை எட்ட இந்தச் சூட்டில் ஏழு முதல் பத்து நாள்கள் போதும். தண்ணீர் முறையும் அதே கணக்கில்தான் ஓடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் நம் ஊரில் மழை பொய்த்தால் முறை தள்ளிப்போய் டிரம்கள் பெருகும். பெய்தாலோ பழைய டயரும் கொட்டாங்குச்சியும் நிறைந்துவிடும்.

ஒரு நாள் காலை டெங்கு ஒழிப்புப் பணியாளரான பெண் ஒருவர் டார்ச்சுடன் வந்தார். லைன் வீட்டு டிரம்மில் புழு நெளிவதைக் கண்டதும் அப்படியே சாய்த்துவிட்டார். அடுத்த தண்ணீருக்கு இன்னும் நான்கு நாள்கள் இருந்தன. "குடிக்கறதுக்கு என்னுங்க்கா பண்றது?" என்று கேட்ட பெண்ணுக்குப் பதில் இல்லை. கையில் கொசுப்புழு மருந்து இருந்தும் ஊற்றவில்லை. டிரம்மின் உட்புறத்தைத் தேய்க்கவும் இல்லை. ஏடிஸ் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். அன்று மாலையே லாரித் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி அதே டிரம்மை நிரப்பினார்கள்.

சிங்கப்பூரில் வீட்டில் புழு கண்டால் 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் என்று நான் அளந்துகொண்டிருக்கையிலேயே அந்தப் பணியாளர் எங்கள் பொடக்காலிக்குப் (கொல்லைப்புறத்துக்குப்) போய், கிரைண்டர் வந்த நாள்முதல் சும்மா கிடக்கும் அப்பத்தாவின் ஆட்டுக்கல்லில் டார்ச் அடித்தார். குழியில் மழைநீர்; டிரம்மில் கண்டதைவிட அதிகப் புழுக்கள். அபராதமில்லை, அதட்டலுமில்லை. அம்மாவிடம் தேங்காய் நார் கேட்டு வாங்கித் தாமே தேய்த்துக் கழுவிவிட்டு, "மண்ணப் போட்டு ரொப்பிருங்ண்ணா" என்றார். அந்த மரியாதைதான் எனக்கு உறைத்தது. தேய்க்கத் தெரியாதவர் அல்லர் அவர்.

பெருமையடிக்கவும் எனக்கு வழியில்லை. இருபத்துநான்கு மணி நேரமும் குழாயில் தண்ணீர் வரும் சிங்கப்பூரில் 2020இல் 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. வெப்பமும் மழையும் வசதியைப் பார்ப்பதில்லை. ஆனால் அங்கே காய்ச்சல்காரர் சம்பளத்தோடு விடுப்பு எடுத்து வீட்டில் படுத்திருப்பார். இங்கே பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் லைன் வீட்டுப் பையன் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு காய்ச்சலோடு ஷிப்டுக்குப் போனான். ஏடிஸ் கடிப்பதோ பகலில். அவனுக்கு வந்தது டெங்குவாக இருந்தால், சில நூறு மீட்டருக்குமேல் பறக்காத கொசுவைவிட அவனே அதை வெகுதூரம் கொண்டுபோயிருப்பான்.

டிரம்முக்கு மூடி வாங்கலாமென்று கடைவீதி முழுக்க அலைந்தேன். தனி மூடி விற்பதில்லையாம். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து நான்கு டிரம்களுக்கும் இறுக்கிக் கட்டிக் கொடுத்தோம். ஆட்டுக்கல் குழியில் மண் போட அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.