ஏமி கிராண்டோட 'ஹார்ட் இன் மோஷன்': கொயர்க்காரங்க தைரியமா கேக்கலாம்

'எல் ஷடாய்' பாடுன அமெரிக்க கிறிஸ்தவப் பாடகி ஏமி கிராண்ட தெரியாத கொயர் ஆளு நம்ம பாளையங்கோட்டை, நாசரேத் பக்கம் கம்மி. அந்தப் பாட்டு வந்த 'ஏஜ் டு ஏஜ்' 1982 ஆல்பம், அமெரிக்காவுல பத்து லட்சம் காப்பி தாண்டுனது, அப்போ கிறிஸ்தவப் பாட்டுக்கு அது பெரிய காரியம். அதே அம்மா 1991 மார்ச்ல 'ஹார்ட் இன் மோஷன்'னு பாப் ஆல்பம் போட்டாவ பாருங்க, அதோட எங்க கொயர்ல ஒரு பெரியவரு அவங்க கேசட்ட பீரோல வச்சுப் பூட்டிட்டாரு, "புள்ள சாமி பாட்ட விட்டுட்டு உலகப் பாட்டுக்குப் போயிட்டு"ன்னு. அந்த அளவுக்கு இதுல என்ன இருக்குன்னு இப்போ போன்ல முழுசா கேட்டுட்டுதான் எழுதுதேன்.

பாப் ஆல்பமா பாத்தா நல்ல ஆல்பம், அதுல சந்தேகமே இல்ல. பதினோரு பாட்டு. அதுல அஞ்சு பாட்டு அமெரிக்காவுல ஹிட் பாட்ட வரிசப்படுத்துற பில்போர்டு லிஸ்ட்ல முதல் 20க்குள்ள வந்துச்சு, 'பேபி பேபி' ஒண்ணாம் இடம், 'எவ்ரி ஹார்ட்பீட்' ரெண்டாம் இடம். ஆனா சவுண்டு அப்படியே 91லயே நிக்கி, டிரம்ஸ் எல்லாம் மெஷின் அடி, கன்வென்ஷன் பந்தல்ல கீபோர்டுக்காரரு பட்டனத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போயிட்ட மாதிரி ஒரே தட்டா போவுது. நல்ல ஹெட்செட்ல கேட்டா இன்னும் நல்லா தெரியும். குரல் மட்டும் பழசாவல, அடித்தொண்டையில லேசா கரகரன்னு ஒரு சத்தம், கத்தாம பாடுதாவ.

'பேபி பேபி'தான் எல்லா சண்டைக்கும் காரணம். இசையமைப்பாளர் கீத் தாமஸ் மெட்ட மொதல்ல குடுத்துட்டாரு, இந்தம்மா கைக்குழந்தையா இருந்த மகளோட முகத்தப் பாத்துதான் வரி எழுதுனாவளாம். அத சொன்னா யாரு நம்புதா? வீடியோவுல புருஷன விட்டுட்டு ஒரு மாடல் பையன்கூட கொஞ்சிட்டு நிக்காவளே, அங்க உள்ள சபைக்காரங்க பிடிச்சிக்கிட்டாங்க. எனக்கு இதுல தப்பு தெரியல, அதே நேரம் இது பெரிய பாட்டுன்னும் சொல்ல மாட்டேன், கேக்க ஜாலியா இருக்கும், வரி ஒண்ணும் மனசுல நிக்காது.

இத உலகப் பாட்டுன்னு சொல்லுதவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் வே. நம்ம திருநெல்வேலியில 1774ல பொறந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரு 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதுனாரே, குறவஞ்சின்னா என்னது? தலைவி காதல்ல உருகுறது, குறத்தி வந்து குறி சொல்லுறது, நம்ம குற்றாலத்துல பாடுன அதே சங்கதிதான. சர்ச்சுல பாடுற கீர்த்தனை புஸ்தகத்த தொறந்தா ஒவ்வொரு பாட்டுக்கு மேலயும் ராகம் தாளம் போட்டிருக்கு, அதெல்லாம் கச்சேரியில உள்ளதுதான். வெளிய இருந்து நம்ம கோயிலுக்குள்ள, அதான் சர்ச்சுக்குள்ள, வந்தா ஆமென், உள்ள இருந்து ஒருத்தி வெளிய போனா மட்டும் கூப்பாடா?

சரி, நான் இந்த ஆல்பத்த சிபாரிசு பண்ணுறதே அஞ்சாவது பாட்டுக்காகத்தான், 'ஆஸ்க் மி'. சின்ன வயசுல வீட்டுக்குள்ளயே ஒருத்தன்கிட்ட சீரழிஞ்ச ஒரு பொண்ணு வளந்து நிக்கா, இதெல்லாம் நடக்கும்போது கடவுள் எங்க போனாருன்னு ஒரு கேள்வி, அவ மீண்டு வந்து நிக்கதத்தான் பதிலா காட்டுதாவ. பிரசங்கம் இல்ல, அழுகாச்சி இல்ல. கோயில விட்டுப் போயிட்டாவன்னு பேரு வாங்குன ஆல்பத்துல இந்தப் பாட்டு இருக்கு, நம்ம சேகரத்துல, அதான் நம்ம சர்ச் வட்டாரத்துல, அசனப் பண்டிகை (சபை விருந்து) நிகழ்ச்சியில இப்படி ஒரு பாட்டு பாடுதோம்னு பாஸ்டர் ஐயர்ட்ட போய் கேட்டுப் பாருங்க, லிஸ்ட்ல வராது. எங்க ஊர்ல இந்த விஷயத்த ஜெபக்குறிப்புல கூட மெதுவாத்தான் சொல்லுதாவ.

'ஐ வில் ரிமெம்பர் யூ' நல்லாருக்கு, பிரிவு உபசாரத்துக்கு ஏத்தது. 'ஹேட்ஸ்' வேலைக்கும் போய் வீட்டையும் பாக்குற பொம்பளையோட பாட்டு, எங்க வீட்டம்மா ரெண்டு தடவ போடச் சொன்னா. 'கலிலியோ'வும் 'யூ ஆர் நாட் அலோன்'னும் எண்ணிக்கைக்கு சேத்தது, தாண்டிரலாம்.

எனக்குள்ள வருத்தம் என்னன்னா, விசுவாசத்த பளிச்சுன்னு பாடுறது கடைசிப் பாட்டு 'ஹோப் செட் ஹை'லதான். அதுவும் அவங்க தனியா எழுதுனது, நல்ல பாட்டு, ஆனா மத்த கடைச்சரக்கெல்லாம் அடுக்கிட்டு ஓரத்துல வச்ச மாதிரி ஆயிட்டு. 1988ல வந்த 'லீட் மி ஆன்'ல இந்தப் பிரிவினையே கிடையாது, சந்தேகம், குடும்பம், ஜெபம் எல்லாம் கலந்தே வரும், அதனால அதுதான் அவங்களோட பெஸ்ட்டுன்னு நான் சொல்லுவேன்.

அஞ்சுக்கு மூணரை. பழைய கேசட்டு தேடி அலையாதீங்க, போன்லயே கெடைக்கி. மொதல்ல 'ஆஸ்க் மி' போடுங்க, அப்புறம் வேணும்னா 'பேபி பேபி'.