அல்ஹம்ப்ரா நுழைவுச்சீட்டு வாங்குவோர் கவனத்திற்கு

சென்ற ஏப்ரல் மாதம் நானும் என் அக்காவும் ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட், செவில், கிரனாடா, பார்சிலோனா ஆகிய நகரங்களுக்குப் பன்னிரண்டு நாள் பயணமாகச் சென்று வந்தோம். வழி கேட்டால் கூடவே நடந்து வந்து காட்டிவிட்டுப் போகும் நல்ல மனிதர்களை அங்கே பார்த்தோம். ஆயினும் நாங்கள் விழுந்த குழியில் மற்றவர்களும் விழக்கூடும் என்பதால், கிரனாடாவில் ஏமாந்த விதத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தப் பயணமே அல்ஹம்ப்ராவுக்காகப் போட்டதுதான். 1492 வரை கிரனாடாவை ஆண்ட நஸ்ரித் வம்சச் சுல்தான்களின் கோட்டையும் அரண்மனைகளும் அடங்கிய, ஒரு குன்றின் மேலுள்ள வளாகம் அது. பன்னிரண்டு பளிங்குச் சிங்கங்கள் நீரூற்றைத் தாங்கி நிற்கும் முற்றத்தை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று அக்கா பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று வாரங்களுக்கு முன்பே இணையத்தில் தேடினேன். முதலில் வந்த தளம், முகவரியிலேயே அல்ஹம்ப்ராவின் பெயரைக் கொண்டு, முகப்பில் சிங்க முற்றத்தின் படத்தை வைத்து, அரசுத் தளம் போலவே காட்சியளித்தது. இருவரின் பெயரையும் கடவுச்சீட்டு எண்ணையும் அது கேட்டதால் எனக்குச் சிறிதும் சந்தேகம் எழவில்லை. ஒருவருக்கு 58 யூரோ வீதம் கட்டினேன். பயணத்துக்கு இரண்டு நாள் முன்புதான் சீட்டு மின்னஞ்சலில் வந்தது.

அல்ஹம்ப்ராவுக்குச் சென்ற அன்று காலை தோட்டங்களையும் அல்கசாபா கோட்டையையும் பார்த்துவிட்டு, நஸ்ரித் அரண்மனைகளின் வாயிலில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தபோது ஊழியர் சீட்டைக் கருவியில் காட்டிப் பார்த்து, தலையசைத்து, அதிலிருந்த ஸ்பானிய வரியை விரலால் தொட்டுக் காட்டினார். தோட்டங்கள், சுல்தான்களின் கோடைக்கால மாளிகையான ஹெனரலிஃபே, அல்கசாபா ஆகிய மூன்றுக்கு மட்டுமே அது செல்லும். சிங்க முற்றம் இருக்கும் நஸ்ரித் அரண்மனைகளுக்கு அனுமதி இல்லை. சீட்டு போலியன்று, உண்மையானதுதான். அரண்மனை இல்லாத மலிவான சீட்டை, அரண்மனைப் படத்தைக் காட்டிப் பல மடங்கு விலைக்கு எங்களிடம் விற்றிருக்கிறார்கள். அரண்மனைகளும் சேர்ந்த முழுச் சீட்டை நேரடியாக வாங்கியிருந்தால் நாங்கள் கொடுத்ததில் பாதிகூட ஆகியிருக்காது. அன்றைக்கும் மறுநாளைக்கும் சீட்டுகள் தீர்ந்துவிட்டன. அக்கா ஒன்றும் சொல்லாமல் வெளியே மதில் ஓரம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

அல்ஹம்ப்ராவைப் பராமரிப்பது அந்தலூசியா மாநில அரசைச் சேர்ந்த பத்ரோனாத்தோ என்ற அமைப்பு. அதன் சொந்தத் தளத்தில் மட்டுமே வாங்குங்கள். சீட்டில் நஸ்ரித் அரண்மனைகளைக் குறிக்கும் 'பலாசியோஸ் நசரீயெஸ்' என்ற சொற்களும், அருகே நுழைவு நேரமும் அச்சாகியிருக்க வேண்டும். அந்த நேரம் தவறினால் சீட்டு இருந்தும் உள்ளே விடமாட்டார்கள். பெயரும் கடவுச்சீட்டும் சரிபார்க்கப்படும் என்பதால், தெருவில் யாரிடமும் பிறர் பெயரிலுள்ள சீட்டை வாங்காதீர்கள்.

மற்ற ஊர்களில் இழந்தது சிறிதே. மாட்ரிட் பராஹாஸ் விமான நிலையத்தின் உள்ளேயே ஒருவர் வந்து டாக்சி என்று அழைத்துச் சென்று 70 யூரோ வாங்கினார். உண்மையான டாக்சி வெள்ளை நிறம், கதவில் சாய்வான சிவப்புப் பட்டை கொண்டது; எம்-30 சுற்றுச்சாலைக்கு உட்பட்ட நகர்ப்பகுதிக்கு நிலையான கட்டணம் உண்டு, அது 70-ஐ நெருங்கவே நெருங்காது. செவில் பேராலயத்தின் அருகே ஒரு பெண் ரோஸ்மேரிக் கொத்தை அக்காவின் கையில் திணித்து, ரேகை பார்ப்பதாகச் சொல்லி, 20 யூரோ கேட்டு வழிமறித்தார். கையை நீட்டாமல் நடந்துவிடுங்கள். பார்சிலோனாவில் சக்ராதா ஃபமிலியாவுக்கு அந்தப் பேராலயத்தின் தளத்திலேயே சீட்டு எடுத்திருந்ததால், குறித்த நேரத்தில் எவ்விதச் சிக்கலும் இன்றி உள்ளே போனோம்.

ஊர் திரும்பியதும் அந்தத் தளத்தை மீண்டும் திறந்து பார்த்தேன். பக்கத்தின் அடியில், சாம்பல் நிறச் சிற்றெழுத்தில், அரண்மனைகள் சேராது என்று ஒரு வரி இருக்கிறது. அதைக் காட்டியே பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள்; சீட்டு வழங்கப்பட்டுவிட்டது என்பதால் என் வங்கியும் முறையீட்டை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு அக்காவை மீண்டும் அழைத்துச் செல்வதாக இருக்கிறேன். இம்முறை அரண்மனைச் சீட்டு கையில் வந்த பிறகுதான் விமானச் சீட்டு எடுப்பேன்.