ஒரே பந்தல்தான் என்றால்: தம்பட்டையா, சிறகவரையா, மூக்குத்தி அவரையா?

கத்தரி, வெண்டை, புடலை என்று ஒரு சுற்று முடித்தவர்கள் அடுத்துத் தேடுவது கடையில் கிடைக்காத காயைத்தான். விதைத் திருவிழாக்களுக்குப் போனால் தம்பட்டை அவரை, சிறகவரை, மூக்குத்தி அவரை மூன்றின் விதையும் கண்ணில் படும். மூன்றுமே கொடி, மூன்றுக்கும் ஏறிப் படரப் பந்தலோ வேலியோ வேண்டும். மாடியில் ஒரு பந்தலுக்குத்தான் இடம் என்றால் எதை ஏற்றுவது? மூன்றையும் வளர்த்துப் பார்த்த பிறகு நான் தம்பட்டையோடு நின்றுவிட்டேன். அதன் பக்கம் சாய்ந்துதான் இதை எழுதுகிறேன்.

சத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பிஞ்சாகச் சாப்பிடும்போது எந்தக் காயும் நல்லதுதான். சிறகவரைக்கு மட்டும் உலகப் புகழ் உண்டு. வெப்ப நாடுகளின் புரதப் பஞ்சத்துக்கு இது விடையாகலாம் என்று 1975இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் தனி அறிக்கையே வெளியிட்டது. இலை, பூ, பிஞ்சு, விதை, கிழங்கு என எல்லாமே உணவாகும் என்பதுதான் அதற்குக் காரணம். ருசி அவரவர் நாக்கைப் பொறுத்தது. எனக்கு மூன்றும் பிடிக்கும்.

முடிவு செய்ய வைத்தது வேறு கேள்வி: ஒரு வேளைக் கறிக்குக் காய் சேருமா?

வயலில் பயிர் செய்பவருக்கு இது ஒரு கேள்வியே இல்லை. வீட்டில் இரண்டு கொடி வைத்திருப்பவருக்கு இதுதான் முதல் கேள்வி. தினம் நாலைந்து காய் வரும். நாலு பேர் இருக்கும் வீட்டில் அதை வைத்துக்கொண்டு பொரியல் வைக்க முடியாது. சேர்த்து வைக்க வேண்டும். அப்படியென்றால் காய் கொடியிலேயே பிஞ்சாக நிற்க வேண்டும், இல்லையென்றால் பறித்த பிறகாவது வாடாமல் இருக்க வேண்டும்.

சிறகவரை இந்த இரண்டிலும் தோற்கிறது. பூத்து இரண்டு வாரம் வரை இளசாக இருக்கும், அதைத் தாண்டினால் நார் ஓடிவிடும். வளைத்தால் ‘டப்’பென்று ஒடிய வேண்டும், வளைந்து கொடுத்தால் கெடு முடிந்தது என்று அர்த்தம். சரி, முன்கூட்டியே பறித்து ஃப்ரிட்ஜில் சேர்க்கலாம் என்றால், அந்த நாலு சிறகுகளின் சுருள் விளிம்பு சீக்கிரமே பழுப்பேறிவிடுகிறது. ஏழெட்டுக் கொடி இருந்தால் இது பிரச்சினையே இல்லை. இலங்கைச் சந்தைகளில் இது சாதாரணமாகக் கிடைக்கும் காய். ஒற்றைப் பந்தலில்தான் இடிக்கிறது.

பருவம் இன்னொரு இடைஞ்சல். சிறகவரை பகல் குறுகும்போதுதான் பூக்கும். சென்னையில் ஜூன் மாதப் பகல் ஏறத்தாழ 12 மணி 50 நிமிடம், டிசம்பரில் அது 11 மணி 20 நிமிடத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். தையில் விதைத்தால் வெயில் காலம் முழுக்க இலையாகத் தழைத்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு உரம் போட்டாலும் பூவைக் கண்ணால் பார்க்க முடியாது, ஐப்பசி வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆடியில் விதைத்தால் இந்தக் காத்திருப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். பந்தலுக்கு நேர் மேலே இரவெல்லாம் தெருவிளக்கு எரிகிற இடத்தில் இதை வைக்காமல் இருப்பது நல்லது. இந்த வகைச் செடிகளுக்கு இடையில் கலையாத நீண்ட இருட்டுதான் பூக்கச் சொல்லும் சைகை.

மூக்குத்தி அவரை அவரை இனமே இல்லை, சர்க்கரைவள்ளியின் குடும்பம். பூ மாலையில் விரியும். நாம் சாப்பிடுவது பூவுக்குப் பின்னால் தடித்துவரும் காம்பையும் அதன் நுனியில் இருக்கும் இளங்காயையும்தான். மூன்றில் வளர்க்க மிகச் சுலபமானது இதுதான். கேரளத்து வீடுகளில் வேலியில் ஏற்றிவிட்டு மறந்துவிடுவார்கள். ஆனால் ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி அளவுதான். பந்தல் முழுக்கத் துழாவினால் ஒரு கையளவு கிடைக்கும். பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம், வேறு காயோடு கலக்கலாம். தனிக் கறியாக வைப்பதற்கு நிறையப் பொறுமை வேண்டும்.

தம்பட்டையில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம், கனமான சதை. ஐந்து காய் நறுக்கினால் சட்டி நிறைந்துவிடும். ஒரு பூங்கொத்தில் ஒன்றிரண்டு பிஞ்சு நின்றால் போதும். அரைச் சாணில் பறித்தாலும் சரி, ஒரு சாண் வந்த பிறகு பறித்தாலும் சரி, கறிக்கு ஆகும். இந்த இடைவெளிதான் வீட்டுத் தோட்டத்துக்கு வரம். இரண்டு மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் பெரும்பாலும் வீணாவதில்லை. காயின் முதுகில் ஓடும் வரம்புகளைத் தடவிப் பார்ப்பதைவிட வயிற்றுப் பக்கத்தைப் பார்ப்பதுதான் நல்ல சோதனை. உள்ளே இருக்கும் விதை வெளியே மேடு கட்டித் தெரிந்தால் அந்தக் காயைச் சமையலுக்குத் தொடாதீர்கள், விதைக்கு விட்டுவிடுங்கள்.

பராமரிப்பும் குறைவு. சிறகவரையின் தளிரில் எனக்கு அசுவினி ஓயாமல் வந்தது, தம்பட்டையில் அந்தத் தொல்லை கம்மி. பூங்கொத்தில் எறும்பு ஊர்வதைப் பார்த்துச் சிலர் உடனே வேப்பெண்ணெய் தெளிக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் பூங்காம்பின் கணுக்கள் முண்டு முண்டாகத் தடித்து, அங்கே தேன் கசிவது தெரியும். எறும்பு வருவது அதற்குத்தான். இளஞ்சிவப்புப் பூவுக்குக் கருநிறத்தில் பெரிய தச்சுத் தேனீ வரும், அதை விரட்ட வேண்டாம்.

குறையும் உண்டு. கொடி கனமானது. அடித்தண்டு கட்டைபோல் ஆகும், நைலான் கயிற்றுப் பந்தல் தாங்காது, துருப்பிடிக்காமல் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி வேண்டும். மண் நிரப்பும் செடிப்பையும் பெரிதாக இருக்க வேண்டும். நான் வளர்த்தது மாடியில்தான். தரையில் வேர் ஆழமாக இறங்கும்போது தண்ணீர்த் தேவை இன்னும் குறையும் என்று நினைக்கிறேன், ஆனால் அந்த அனுபவம் எனக்கு இல்லை.

முளைக்க வைப்பதிலும் தம்பட்டைதான் தொல்லையில்லாதது. விதை பெரிது, ஊறவைக்காமலே ஈர மண்ணில் கண் (காயோடு ஒட்டியிருந்த தழும்புக் கோடு) பக்கவாட்டில் இருக்குமாறு புதைத்தால் போதும். தண்ணீரை மட்டும் அளவாக ஊற்றுங்கள், இவ்வளவு பெரிய விதை சேற்றில் அழுகிவிடும். மற்ற இரண்டுக்கும் தோல் கல் மாதிரி. கண் இல்லாத பக்கத்தில் நகவெட்டியால் லேசாகக் கீறி இரவு முழுக்க ஊறவைத்து, உப்பியதை மட்டும் ஊன்ற வேண்டும். உப்பாததை மறுபடி கீற வேண்டும்.

விதை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘செடித் தம்பட்டை’ என்று வெள்ளை விதை ஒன்று விற்கிறது, அது வேறு இனம். கொடித் தம்பட்டையில் கண் என்கிற அந்தக் கோடு விதையின் நீளத்துக்கு ஏறக்குறைய முழுதாக ஓடும், செடித் தம்பட்டையில் பாதி நீளம்கூட இருக்காது. செடித் தம்பட்டையின் விதையிலிருந்துதான் அமெரிக்க வேதியியலாளர் ஜேம்ஸ் சம்னர் 1926இல் யூரியாவைச் சிதைக்கும் யூரியேஸ் என்ற நொதியை (உயிர்களில் வேதி மாற்றங்களை வேகப்படுத்தும் பொருளை) படிகமாகப் பிரித்தெடுத்தார். நொதி என்பது புரதமே என்று அது காட்டியது, 1946இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதே விதையில் கான்கனவாலின் என்ற புரதமும் இருக்கிறது, கனவானைன் என்ற அமினோ அமிலமும் இருக்கிறது. இரண்டுமே உடம்புக்கு ஆகாதவை, இரண்டு தம்பட்டை விதையிலும் உண்டு. அதனால் முற்றிய விதையைச் சமைக்கும் எண்ணமே எனக்கு இல்லை. பிஞ்சைக்கூட இரு ஓரத்து நாரையும் உரித்து, மெல்லிசாக நறுக்கி, கொதிநீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்கிறேன். கடுகு, வரமிளகாய், நிறையத் தேங்காய்த் துருவல், அவ்வளவுதான்.

விதைக்கு ஒரே ஒரு காய் போதும். பருவம் முடிகிற நேரத்தில் அதைக் கொடியிலேயே விட்டு, ஓடு காய்ந்து பழுப்பான பிறகு பறியுங்கள். முன்கூட்டியே விட்டால் கொடியின் பலமெல்லாம் அந்த ஒரு காய்க்குப் போய், புதுப் பூ குறையும். பத்து விதையாவது தேறும். கொடித் தம்பட்டையிலேயே சிவப்பு விதை ரகத்தையும் வெள்ளை விதை ரகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தேனீ கலந்துவிடக்கூடும், ஒன்றை மட்டும் வையுங்கள். நிழலில் உலர்த்தி, அடுப்புச் சாம்பல் புரட்டி, கண்ணாடிப் புட்டியில் போட்டால் அடுத்த ஆடி வரை வண்டு அண்டாது.

பந்தலே போட முடியாது, பால்கனிக் கம்பிதான் இருக்கிறது என்பவர்களுக்குத் தம்பட்டை வேண்டாம். அவர்களுக்கு மூக்குத்தி அவரையைத்தான் சொல்வேன். தரையில் நீளமான வேலி இருப்பவர்கள் ஆடியில் சிறகவரையைப் பத்துக் குழியில் போட்டுப் பார்க்கலாம், காய் சேராத குறை அங்கே இருக்காது.