சாட்டைச் சிலந்தி நல்லா வந்துச்சு, பேருதான் தப்பா வந்துச்சு (3/5)

லண்டன்ல இருக்கேன், தேள், டேரன்டுலா (பெரிய மயிர்ச் சிலந்தி) எல்லாம் ஆன்லைன்ல விக்கிற ஒரு கடையில (பேர் வேணாம் விடுங்க) போன மாசம் ஒரு சாட்டைச் சிலந்தி வாங்கினேன். பேக்கிங்ல குறையே சொல்ல முடியாது, டப்பாக்குள்ள ஈர டிஷ்யூ, குளிருக்கு ஹீட் பேக், ஒரு கால்கூட ஒடியாம வந்து சேந்துச்சு. அதுக்கே ரெண்டு ஸ்டார்.

லேபிள்லதான் வில்லங்கம். 'டேமன் வேரிகேட்டஸ், தான்சானியா'ன்னு போட்டிருந்தாங்க. அது இரை பிடிக்கிற கையில இருக்கிற முள்ளை போட்டோ எடுத்து விஷயம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டினேன், இது டேமன் டயடெமா, கடைக்காரங்க பாதிப்பேர் இப்படித்தான் மாத்தி விப்பாங்கன்னு சிரிச்சாரு. ரெண்டும் ஒரே ஜீனஸ்தான் (பேரினம்), ஆனா வேரிகேட்டஸ் 1834ல பெர்ட்டிங்கிறவர் முதல்ல பேர் வச்சு விவரிச்சது, டயடெமா 1876ல சைமன்கிறவர் விவரிச்சது, வேற வேற இனம். கடையில கேட்டா "ரெண்டும் ஒண்ணுதான்"கிறாங்க. நான் ஜோடி சேக்கலாம்னு இருக்கேன், வேற இடத்துல நெஜ வேரிகேட்டஸ் வாங்கிட்டு வந்திருந்தா என் நெலம என்ன?

இன்னொண்ணு, சைட்ல இதை 'ஸ்பைடர்ஸ்' லிஸ்ட்ல சேத்திருக்காங்க. வாத்தை கோழின்னு விக்கிற மாதிரி இருக்கு. விஷம் கெடையாது, வலை பின்னாது, எட்டு காலிருந்தும் ஆறுலதான் நடக்கும், முன்கால் ரெண்டும் சாட்டை மாதிரி நீண்டு தடவித் தடவிப் பாக்கும். அதனால ஆம்ப்ளிபைஜின்னு தனி வரிசை, அதுல ஃப்ரினிக்கிடேங்கிற குடும்பம். இலங்கையில இருக்கிற ஃப்ரினிக்கஸ் சிலோனிகஸும் இதே குடும்பம்தான்.

இது வெறும் பேர் சண்டை இல்ல. கூட வந்த சீட்டுல 'டேரன்டுலாவுக்கு வைக்கிற மாதிரி தாழ்வான பெட்டி போதும்'னு எழுதியிருக்கு. அய்யோ, இது தலைகீழா தொங்கித்தான் சட்டை உரிக்கும், கீழ எடமில்லேன்னா பாதியில மாட்டிக்கிட்டு செத்தே போகும். நல்லவேளை முன்னாடியே தெரியும், உயரமான தொட்டியில கார்க் பட்டையை நிமித்தி வச்சு விட்டேன். மூணாம் நாள் ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தா ஒரு சாட்டை மட்டும் மெதுவா நீண்டு கிரிக்கெட் பூச்சியை தொட்டுத் தொட்டுப் பாக்குது, அப்புறம் கண் சிமிட்டுறதுக்குள்ள முள்ளுக் கையால அமுக்கிருச்சு. அதுக்கு இன்னொரு ஸ்டார், ஆனா அது கடைக்கு இல்ல.

லேபிளை மாத்துங்கன்னு மெயில் போட்டு மூணு வாரம் ஆச்சு. சைட்ல இன்னும் அதே பேருதான், ஸ்டாக் மட்டும் தீந்துபோச்சு.